சரக்கு வண்டிக்குள் வெளிச்சம்: தனி வயர், தனி பியூஸ்!

கடை திறப்பது காலை ஆறு மணிக்கு என்றாலும், நம் வேலை அதற்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. மண்டியில் சரக்கு ஏற்றும்போதும் இருட்டு. கடை வாசலில் இறக்கும்போதும் இருட்டு. தார்ப்பாய் போட்ட வண்டிக்குள் ஒருவர் செல்போன் வெளிச்சம் காட்ட, மற்றவர் மூட்டை தூக்குகிறார். மூட்டையின் குறி சரியாகத் தெரியாமல் ஐ.ஆர். 20-க்குப் பதில் பொன்னி இறங்கிவிடுகிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் மண்டிக்காரரோடு மனஸ்தாபம்.

2005-இல் டாடா ஏஸ் வந்தபின், ‘குட்டி யானை’ வைத்திருக்கும் கடைக்காரர்கள் பெருகினார்கள். அவர்களில் பலர் வண்டியின் சரக்குத் தொட்டியில் எல்.இ.டி. விளக்குப் பொருத்திக்கொள்கிறார்கள். யோசனை நல்லதுதான். பொருத்தும் முறையில்தான் கோளாறு.

எங்கள் வண்டிக்கு நடந்தது

எங்கள் கடை வண்டிக்கு விளக்குப் போட்டவர், “பின் விளக்கு வயரிலேயே ஜாயிண்ட் போட்டுவிடலாம், அரை மணி வேலை” என்றார். செலவு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி பியூஸ் போய்விட்டது. வண்டியின் பின் விளக்குகளுக்கும் அதே பியூஸ்தான். ஓட்டுநருக்குத் தெரியவில்லை. டோல்கேட்டில் பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, “அண்ணே, முன்னாடி ஒரு வண்டி போறதே தெரியலை. நீங்க பிரேக் அடிச்சப்ப சிவப்பு எரிஞ்சதாலே தப்பிச்சீங்க” என்றார். சரக்குத் தெரிய வேண்டும் என்று விளக்குப் போட்டோம். வண்டியே தெரியாமல் போயிற்று!

ஆகவே வணிகப் பெருமக்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே. சரக்கு விளக்குக்குத் தனி வயர், தனி பியூஸ் வேண்டும். வண்டியோடு வந்த வயரை வெட்டவே கூடாது. உத்தரவாதக் காலத்தில் வெட்டினால் பின்னால் பழுது வரும்போது கம்பெனியோடு வாதாட வேண்டியிருக்கும்.

கணக்கு எளிது

சிறு சரக்கு வண்டிகளின் பாட்டரி 12 வோல்ட். 6 வாட் விளக்கு நான்கு போட்டால் மொத்தம் 24 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். இதற்கு 1.5 சதுர மி.மீ. வண்டி வயரும் 5 ஆம்பியர் பியூஸும் போதும். ரிலே தேவையில்லை, நல்ல சுவிட்ச் போதும். 55 வாட் ஹாலஜன் விளக்கென்றால் ஒன்றே நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போதுதான் ரிலே வேண்டும். பெரிய லாரி வைத்திருப்போர் கவனிக்க: அதில் பொதுவாக 24 வோல்ட். அதற்கேற்ற விளக்கையே வாங்க வேண்டும்.

வேலை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

2. பாசிடிவ் முனையிலிருந்து அரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பியூஸ் விளக்கின் பக்கத்தில் இருந்தால், நடுவழியில் வயர் தேய்ந்து உடம்புத் தகட்டைத் தொடும்போது அது போகாது, வயர்தான் பழுக்கும். மேலே இருப்பது சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் என்பதை மறக்கக் கூடாது.

3. வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். பல இழை வயரே சரி.

4. தகட்டில் துளையிட்டு வயர் விடும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். சைலன்சர் பக்கம் போகாமல், நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சேஸிஸோடு கட்ட வேண்டும்.

5. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் கூடாது. வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். லக் வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

6. எர்த் எடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

7. விளக்கைப் பக்கப் பலகையின் மேல் விளிம்புக்கு அடியில், மூட்டை இடிக்காத இடத்தில் பொருத்துங்கள். ‘ஐ.பி. 67’ என்று குறித்த விளக்கில் தூசி புகாது, மழையும் தாங்கும்.

பியூஸ் போனால்

ஒரு முறை போனால் அதே 5 ஆம்பியர் பியூஸைப் போடுங்கள். மறுபடி போனால் வயரில் பழுது என்று பொருள். அவசரத்துக்கு 20 ஆம்பியர் பியூஸோ, செப்புக் கம்பியோ, சிகரெட் தாளோ வைப்பது நெருப்புக்கு வெற்றிலை பாக்கு வைப்பதாகும்.

சட்டமும் பாட்டரியும்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆவது விதிப்படி, வண்டியின் பின்னால் சிவப்பு அல்லாத வெளிச்சம் தெரியக் கூடாது. உள் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. எனவே சரக்கு விளக்கு உள்நோக்கியே இருக்கட்டும். வண்டி நகருமுன் அணைத்துவிட வேண்டும்.

அணைக்க மறந்தால் நட்டம் நமக்குத்தான். 2 ஆம்பியர் எட்டு மணி நேரம் எரிந்தால் 16 ஆம்பியர்-மணி தீரும். 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது பெரும் பங்கு. மறுநாள் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். சுவிட்சை ஓட்டுநர் கண்ணில் படும்படி, சிறு சிவப்பு விளக்கோடு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்கனவே விளக்குப் போட்டிருப்போர் இன்று மாலையே ஒரு சோதனை செய்யலாம். சரக்கு விளக்கின் பியூஸைக் கழற்றிவிட்டு, பின் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் நிம்மதி. எரியாவிட்டால், அல்லது கழற்றுவதற்குத் தனி பியூஸே இல்லையென்றால், அடுத்த லோடு ஏற்றுமுன் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பியூஸும் நாலைந்து மீட்டர் வயரும் ஒரு மூட்டை அரிசி விலைகூட ஆகாது. வண்டியில் போவது நம் சரக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைபோல் உழைக்கும் ஆட்களும்தான்.