நெருப்பை வெளியே வைத்த குழாய்

கல்கத்தாவில் ஏலம் முடிந்து கிழக்கே புறப்பட்ட கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்தில் மரப் பெட்டிகளை இறக்கிய காலம் உண்டு. வங்காள அபின் பெட்டி ஒன்றில் 40 உருண்டைகள் இருக்கும். ஒவ்வோர் உருண்டையும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கசகசாச் செடியின் உலர்ந்த பூவிதழ்களே அதற்கு ஓடு. காஜிப்பூரிலும் பாட்னாவிலும் இருந்த அரசாங்கத் தொழிற்சாலைகளில் உருட்டப்பட்ட அபின் அது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அதைக் கரைத்து, காய்ச்சி, வடிகட்டி, பாகு பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாகுதான் சண்டு.

சண்டு குடிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அந்தக் கருவியின் மூதாதை புகையிலைச் சுங்கான். புகையிலைக் குழாயைத் திருத்தி அமைத்தவர்கள் உலகெங்கும் பலர். ஆனால் அதன் அமைப்பையே தலைகீழாக்கி, பொறியியல் நோக்கில் குறை சொல்ல முடியாத ஒன்றாக மாற்றியவர்கள் பெயர் தெரியாத சீனக் கைவினைஞர்கள். அந்தக் குழாயின் திறமை ஒரு குடியேற்ற அரசின் கருவூலத்தையே நிரப்பியது. அதற்கு விலை கொடுத்தது கூலித் தொழிலாளியின் உடல்.

அமெரிக்கக் கண்டத்துப் புகையிலை பிலிப்பைன்ஸ் வழியாகவும் பிற துறைமுகங்கள் வழியாகவும் ஆசியாவின் இந்தப் பகுதிக்கு வந்து 400 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜாவாவிலும் தென்சீனக் கரையிலும் சிலர் அபின் கரைசலில் தோய்த்த புகையிலையைச் சுங்கானில் போட்டுப் பிடிக்கத் தொடங்கினார்கள். மடாக் என்று பெயர் பெற்ற அந்தக் கலவையின் விற்பனையைச் சீனப் பேரரசர் யோங்செங் 1729இல் தடை செய்தார். பின்வந்த தலைமுறைகளில் புகையிலை விலகிக்கொண்டது. அபின் மட்டும் நின்றது. பழைய சுங்கான் பயன்படாமல் போனது அப்போதுதான்.

காரணம் எளிமையானது. உலர்ந்த புகையிலைத் தூள் தானே கனன்று எரியும். ஒருமுறை பற்றவைத்தால் போதும், இழுக்க இழுக்கத் தணல் கீழே இறங்கும். அதனால் சுங்கானின் கிண்ணம் ஒரு சிறிய அடுப்பு. அது நெருப்பைத் தாங்க வேண்டும். கையைச் சுடக் கூடாது. இதற்காகவே ஐரோப்பியர் முதலில் களிமண்ணையும், பிறகு துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கும் மீர்ஷம் என்ற மென்கல்லையும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக் கடலோரத்துப் பிரையர் புதரின் வேர்க்கட்டையையும் தேடிப் போனார்கள்.

சண்டு இந்த அடுப்பில் வேகாது. அது பிசுபிசுப்பான பசை. தணலில் விழுந்தால் உருகி ஓடித் துளையை அடைத்துவிடும். நேரே தீயில் காட்டினால் கருகிப்போகும். அதிலுள்ள மார்ஃபினும் சிதைந்துவிடும். எரியாத அளவுக்குச் சூடாக்கி, ஆவியாக மட்டும் மாற்றினால்தான் அது குடிப்பவனுக்குப் பயன்படும். ஆகவே நெருப்பைக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றி ஒரு விளக்கில் வைத்தார்கள். திறந்த கிண்ணத்தை மூடினார்கள். உள்ளே இருந்த சரக்கை வெளிப்புறத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழாயின் உடல் சுமார் இரண்டடி நீள மூங்கில். தந்தத்திலும் கொம்பிலும் செய்த குழாய்கள் செல்வர் வீட்டில் இருந்தன என்றாலும், மூங்கிலை எதுவும் வெல்லவில்லை. அது இலேசானது, உட்குழிவானது, சூட்டை எளிதில் கடத்தாதது. கணுவை ஒட்டிய பக்கம் இயல்பாகவே அடைபட்டிருக்கும். வாய் வைக்கும் முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, மூங்கிலின் பக்கவாட்டில் ஒரு துளை. அதன்மேல் பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த ஒரு தகடு சேணம் போலப் பதிந்திருக்கும். அந்தத் தகட்டில்தான் கிண்ணம் நிற்கும்.

கிண்ணம் என்று சொன்னாலும் மேற்புறம் மூடிய குமிழ் அது. சுட்ட மண்ணாலோ பீங்கானாலோ ஆனது. வட்டமாகவோ எண்கோணமாகவோ இருக்கும். மேற்பரப்பின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும். கிண்ணமும் தகடும் சேரும் இடத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இறுக்குவார்கள். இன்றைய குழாய் வேலைக்காரர் ரப்பர் வாஷர் வைக்கும் இடத்தில் அந்தத் துணி இருந்தது. பட்டாணி அளவான சண்டு உருண்டை துளையின் வாயில் வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவிலும் ஊசியால் ஒரு வழி விட்டிருப்பார்கள். விளக்கின் சூட்டில் உருண்டை பொங்கி ஆவியாகும்போது, இழுக்கும் காற்று அந்த ஆவியைச் சிறு துளை வழியே அகன்ற குழிக்குள் கொண்டுபோகும். குறுகிய வாயிலிருந்து விரிந்த அறைக்கு வந்ததும் காற்றின் வேகம் குறையும், சூடு தணியும். கனமான பிசின் சுவரில் படியும். எஞ்சியது நீண்ட மூங்கிலில் மேலும் குளிர்ந்து வாய்க்கு வரும்.

விளக்கும் இந்தப் பொறியின் ஓர் உறுப்புதான். தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றிய சிறு அகல். அதன்மேல் கீழே அகன்று மேலே ஒடுங்கிய தடித்த கண்ணாடிக் கூடு. வெளிச்சம் தருவது அதன் வேலையல்ல. காற்றில் அலையாத சூட்டை ஒரே இடத்தில் செங்குத்தாக எழுப்புவதே அதன் வேலை. சண்டு குடிப்பவர்கள் படுத்தே குடித்ததற்கும் இதுவே காரணம். நீளமான குழாயை இரு கையாலும் பிடித்து, கிண்ணத்தைச் சாய்த்து, தாழ்ந்த விளக்கின் உச்சியில் அசையாமல் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் படுத்தால்தான் அது வசப்படும். பழைய படங்களில் பலகைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கும் மனிதர்களைச் சோம்பேறிகள் என்று உலகம் சொன்னது. அந்தக் கிடையை வகுத்துக் கொடுத்தது கருவியின் அமைப்பு.

எல்லாப் புகைக்குழாய்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. சூடான புகை குளிரும்போது ஈரமும் தாரும் படியும். புகையிலைச் சுங்கான் பிடிப்பவருக்கு அது நாக்கில் கசக்கும் சாறு. அதை ஒழிக்கத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமைகள் குவிந்தன. டப்ளின் நகரின் சார்லஸ் பீட்டர்சன் 1890இல் பெற்ற காப்புரிமை, கிண்ணத்துக்கு அப்பால் ஒரு சிறு தொட்டியை வைத்து ஈரத்தை அதில் வடியவிட்டது. பிறகு அவரே வாய்முனையின் துளையை மேல்நோக்கித் திருப்பி, புகை நேரே நாக்கில் படாமல் செய்தார். 1930களில் சியாட்டலில் வானூர்திப் பொறியியல் பேராசிரியர் பிரெடரிக் கிர்ஸ்டன், அலுமினியத் தண்டு ஒன்றை வெப்பம் கடத்தும் குளிர்விப்பானாக்கி, தார் அதன் உட்சுவரிலேயே படிந்துவிடும்படி செய்தார். அதே காலத்தில் இந்தியானாவின் கென்லி பக், உலோகத் தண்டில் திருகிக் கழற்றும் கிண்ணத்தை அமைத்தார். ஃபால்கன் என்ற பெயரில் அது உலகெங்கும் விற்றது. குளிர்விக்கும் நீண்ட தண்டு, கசடு தங்கும் அறை, கழற்றித் துடைக்கும் கிண்ணம் ஆகிய மூன்றும் இவர்களுக்கு நெடுங்காலம் முன்பே சண்டுக் குழாயில் இருந்தன.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பினாங்கின் கதை அதில்தான் இருக்கிறது. சுங்கானின் கசடைத் துடைத்து எறிந்தார்கள். சண்டுக் குழாயின் கசடு பணம். கிண்ணத்தின் உட்சுவரில் படிந்த கரிய பொருளில் மார்ஃபின் இன்னும் மிச்சம் இருந்தது. வளைந்த சுரண்டியால் அதை எடுத்து, மீண்டும் காய்ச்சி, புதுச் சண்டு வாங்க முடியாதவர்களுக்கு விற்றார்கள். வசதியுள்ளவன் ஒருமுறை குடித்ததை ஏழை இரண்டாம் முறை குடித்தான். கழிவு மிகக் குறைவாக இருக்கும்படி கருவி அமைந்ததால், அடிமைப்படுவதற்கான விலையும் கூலிக்காரனின் கைக்கு எட்டும்படி இறங்கியது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடி நட்டதும், வரி வாங்காத துறைமுகம் என்று அறிவித்து வணிகர்களை ஈர்த்தார். சுங்கம் இல்லையென்றால் நிர்வாகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? குத்தகையிலிருந்து. சண்டு காய்ச்சி விற்கும் உரிமையை அரசு ஏலம் விடும். எடுத்த குழு மாதாமாதம் தொகை கட்டும். 19ஆம் நூற்றாண்டில் கூ, சியா, யோ, லிம், டான் ஆகிய ஹொக்கியன் குலங்களைச் சேர்ந்த தவுக்கேமார் எனப்பட்ட முதலாளிகள் பினாங்குக் குத்தகையில் முன்னணியில் இருந்தார்கள். குத்தகைத் தொகை கருவூலத்துக்குப் போனது; ஆதாயத்தில் ஒரு பகுதி நகரத்துக்கும் வந்தது. நகர மண்டபத்தின் அருகே 1883இல் நீரூற்று அமைத்துக் கொடுத்த கோ சியாங் டாட்டும் அபின் குத்தகைதாரர்தான். 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய ஆண்டுகளில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. தோட்டத்துத் தமிழருக்குக் கள்ளுக்கடையைத் திறந்துவிட்ட ஆட்சி, துறைமுகத்திலும் ஈயச் சுரங்கத்திலும் உழைத்த சீனருக்குச் சண்டுக்கடையைத் திறந்து வைத்திருந்தது. உழைப்பாளியின் கூலி மாலைக்குள் திரும்பிவர அதுவே வழி.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து நின்றவர் பினாங்கு மண்ணிலேயே பிறந்தவர். டாக்டர் வூ லியன் தே 1879இல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, ராணி உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றவர். ஊர் திரும்பித் தமிழ் முஸ்லிம்களின் பெயர் தாங்கிய சூலியா தெருவில் மருத்துவம் பார்த்தார். அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1906இல் ஈப்போவில் கூடிய அபின் எதிர்ப்பு மாநாட்டை ஏற்பாடு செய்தார். குத்தகைப் பணத்தில் கைவைத்தவரை அதிகாரம் சும்மா விடவில்லை. 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டார்கள். மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபின் டிஞ்சர் கிடைத்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததாக வழக்கு, அபராதம், மேல்முறையீடும் தோற்றது. சண்டு விற்று வாழ்ந்த அரசு, அதை எதிர்த்த மருத்துவரை அபின் வழக்கில் தண்டித்தது. மனம் நொந்த அவர் 1908இல் சீனாவுக்குப் போனார்.

பின்னர் நடந்ததை மருத்துவ உலகம் அறியும். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அது எலித் தெள்ளால் பரவுவதல்ல, மூச்சின் வழியே ஆளுக்கு ஆள் தொற்றுவது என்று வூ கண்டறிந்தார். அதற்கு அவர் வகுத்த கருவி, மருத்துவத் துணிப் பட்டைகளுக்கு நடுவே பஞ்சை வைத்துத் தலையில் கட்டிக்கொள்ளும் முகக்கவசம். மலிவானது, எவரும் தைத்துக்கொள்ளக் கூடியது. அதை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி சில நாட்களில் பிளேக்குக்குப் பலியானார். சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911 வசந்த காலத்துக்குள் அடங்கியது.

குழாயைச் செம்மைப்படுத்தியவர்களும் கவசத்தைச் செய்தவரும் எதிர்கொண்டது ஒரே இயற்பியல்தான்: காற்றில் மிதப்பதை எங்கே நிறுத்துவது, எதை உள்ளே விடுவது. பீட்டர்சனின் தொட்டியும் கிர்ஸ்டனின் அலுமினியமும் வாய்க்கு இதம் தேடின. மூங்கில் குழாய் சரக்கு வீணாகாமல் பார்த்துக்கொண்டது. நுரையீரலைக் காப்பது இந்தக் குழாய்களில் எதற்கும் குறிக்கோளாக இருந்ததில்லை. குளிர்ந்த புகையும் புகைதான். தொண்டையைச் சுடாததால் அதை இன்னும் ஆழமாக இழுக்க முடியும் என்பதே மிச்சம்.

1910இல் குத்தகை முறை ஒழிந்தது. ஆனால் கடை மூடவில்லை. அரசே சண்டு காய்ச்சி விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷ் ஆட்சி திரும்பிய பிறகு, 1946இல்தான் சண்டு குடிப்பது மலாயாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மூங்கில் குழாய்கள் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

எரிக்காமல் சூடாக்கி ஆவியை இழுக்கும் முறை மட்டும் போகவில்லை. விளக்கின் இடத்தில் மின்சுருள், எண்ணெயின் இடத்தில் பேட்டரி, சண்டின் இடத்தில் நிக்கோடின் கலந்த திரவம் என்று அது மின்சிகரெட்டாகத் திரும்பியிருக்கிறது. மலேசியாவில் 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோடின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு வரி விதிக்க வழி பிறந்தது. அதைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, திரவத்தைப் பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாத காலம். சுகாதார அமைப்புகளும் பெற்றோரும் அப்போது எழுப்பிய கேள்வி, சூலியா தெரு மருத்துவர் நூறாண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விதான்: வருவாயா, உடல்நலமா? புதிய சட்டம் புகைக்கும் பொருளோடு நிற்காமல் புகைக்கும் கருவியையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அந்தக் கருவியை விற்பதும் இப்போது குற்றம்.