பொதி வரவில்லையா? எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள்

லினக்ஸ் கணினியில் செயலிகள் ‘பொதி’ வடிவில் வருகின்றன. செயலியின் கோப்புகளும், அதற்குத் துணையாக வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற குறிப்பும் ஒரு பொதிக்குள் இருக்கும். டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில் ‘ஏ.பி.டி.’ என்ற கருவி பொதிகளைத் தேடி எடுத்து நிறுவுகிறது.

ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில் 30 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 500 மெகாபைட் பதிவிறக்கினால் மொத்தம் 15,000 மெகாபைட், அதாவது 15 ஜிகாபைட். ஒரே பொதியை 30 முறை இறக்குவது வீண் அல்லவா? அதனால்தான் ‘மிரர்’ எனப்படும் நகல் கிடங்குகள் உள்ளன. பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இவற்றை நடத்துகின்றன. ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அடுத்த செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகமும் அப்படியொன்றை நடத்தியிருக்கிறது.

நமக்குத் தேவையான பகுதியைக் கூடத்தின் ஒரு கணினியில் நகலெடுத்து, மற்ற கணினிகளில் ஒரு கோப்புறையாகத் தெரியும்படி இணைக்கலாம். இந்த இணைப்புக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய ‘என்.எஃப்.எஸ்.’ முறை இதற்கு இன்றும் பயன்படுகிறது.

இனி, ‘லோகித்’ தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவும்போது பிழைச் செய்தி வருகிறது. என்ன செய்வது? வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில், கோப்புறை உண்மையில் இணைந்திருக்கிறதா? இணைப்பு அறுந்தாலும் கோப்புறையின் பெயர் அப்படியே இருக்கும். உள்ளே எதுவும் இருக்காது. ஏ.பி.டி.யோ ‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்று மட்டும் சொல்லும். கிடங்கே பழுது என்று நாம் நினைத்துவிடுவோம். கணினி தொடங்கும்போது வலையமைப்பு தயாராகும் முன்பே மவுண்ட் நடக்க முயன்றால் இப்படி ஆகலாம்.

இரண்டாவது, படிக்க அனுமதி உண்டா? உங்கள் கணினியின் நிர்வாகியை என்.எஃப்.எஸ். பொதுவாகச் சாதாரண விருந்தினராகவே நடத்தும். ஆகவே கிடங்குக் கணினியில் எல்லாருக்கும் படிக்கும் அனுமதி தரவேண்டும்.

மூன்றாவது, பட்டியல் புதியதா? பட்டியல் பழையதானால் ‘பொதியைக் காணவில்லை’ என்று வரும். ‘அப்டேட்’ கட்டளையை முதலில் இயக்குங்கள். அதன் பிறகும் வராவிட்டால், அந்தப் பொதி இருக்கும் பகுதியை நகலெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நான்காவது, கடிகாரம் சரியா? ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினிகளில் மின்கலம் கொண்ட கடிகாரம் இல்லை. இணையம் இல்லாதபோது அவை பழைய தேதியைக் காட்டலாம். அப்போது ரிலீஸ் கோப்பு ‘எதிர்காலத்தில்’ எழுதப்பட்டதாகத் தோன்றும், ஏ.பி.டி. அதை ஏற்காது.

கடைசியாக, ‘ஹாஷ் பொருந்தவில்லை’ என்ற செய்தி. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ‘ஷா-256’ முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். ரிலீஸ் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதற்குள் பட்டியலின் கைரேகை. பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் கைரேகை. நகலெடுப்பது பாதியில் நின்றால் இவை பொருந்தாது. மீண்டும் முழுமையாக நகலெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பொறுமை இழந்த சிலர் ‘டிரஸ்டட்=யெஸ்’ என்று எழுதிக் கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடுவார்கள். செய்தி மறையும், பொதியும் வரும். ஆனால் அந்தக் கோப்புறையில் எழுத முடிந்த எவரும் ஒரு பொதியை மாற்றி வைத்து, 30 கணினிகளையும் நிர்வாகி அதிகாரத்துடன் கைப்பற்ற முடியும். மாணவர்களே, பூட்டு இறுகியிருந்தால் சாவியைச் சரிபார்க்க வேண்டும். கதவைக் கழற்றக் கூடாது.