கிண்டிக்குப் போகாமலே கவுன்சிலிங்!

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் வேண்டுமென்றால், முன்பெல்லாம் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்கு வர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ் ஃபைலுடன் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் குடும்பமே காத்திருக்கும். திரையில் காலி இடங்களைப் பார்த்து, சில நிமிடங்களில் கல்லூரியைச் சொல்லிவிட வேண்டும். 1997-ல் தொடங்கிய ஒற்றைச் சாளர முறை இது.

2018-ல் பொதுப் பிரிவு கவுன்சிலிங் இண்டர்நெட்டுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. பஸ் செலவும் லாட்ஜ் செலவும் மிச்சம். வீட்டில் நிதானமாக யோசித்துப் பட்டியல் போடலாம். ஆனால் கவுண்டரில் இருந்த எழுத்தரின் வேலை இப்போது மாணவருடைய வேலையாகிவிட்டது. தவறாக டைப் செய்தால், "இதுதானா வேண்டும்?" என்று கேட்க எதிரே ஆள் இல்லை.

கம்ப்யூட்டர் எப்படி ஒதுக்குகிறது?

ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்ளும். அவருடைய பட்டியலில் முதல் விருப்பம் காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று கீழே இறங்கும். கிடைத்த இடத்தோடு தேடுவதை நிறுத்திவிடும்.

எனவே, "இது எப்படியும் கிடைக்கும்" என்ற கல்லூரியை முதலில் போடாதீர்கள். அதைவிட நல்ல இடம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் கீழே பார்க்காது. உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். ஆனால் நாலைந்து விருப்பங்களோடு நிறுத்தினால் எதுவுமே கிடைக்காமல் போகலாம். பட்டியல் நீளமாகவே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

* பெயர் ஒரே மாதிரி உள்ள கல்லூரிகள் பல உண்டு. பெயரை மட்டும் நம்பாமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் சரிபாருங்கள்.

* உங்கள் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையுமே பதிவு செய்யுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். கடை மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?

* பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் மறக்காமல் லாக்அவுட் செய்யுங்கள்.

* முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடுதான். கெடு தேதிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். 2022 முதல், கிடைத்ததை வைத்துக்கொண்டே பட்டியலில் மேலே உள்ள இடத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு.

* ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டங்களில் உதவி மையங்கள் உள்ளன. ஆனால் கடைசி நாளில் அங்கு கூட்டம் சேரும். உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதா? தெருவில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பட்டியலை அவரே போடட்டும். குறியீட்டு எண்களை மட்டும் பக்கத்தில் இருந்து உரக்கப் படித்துச் சரிபாருங்கள். கவுண்டரில் இருந்தவர் செய்த அந்த உதவியை இனி நாம்தான் செய்ய வேண்டும்.