இரு பெயர் கொண்ட பனியாறு

ஒரே ஊரை அவ்வூரார் ஒரு பெயராலும் பிறர் வேறொரு பெயராலும் வழங்குவது, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. பூமியின் வடகோடியில் ஒரு பனியாற்றுக்கும் அந்நிலையே நேர்ந்திருக்கிறது.

கிரீன்லாந்துத் தீவின் பெரும்பகுதியை மூடியுள்ள பனிக்கவசம், நடுவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையது. தன் பாரத்தாலேயே அது மெல்ல மெல்லக் கரையை நோக்கி நகர்கிறது. தாழ்வான வழி கண்ட இடத்தில் கடலை நோக்கி வெளிப்படுகிறது. அவ்வாறு பனிக்கவசத்தின் வடிகாலாக அமைந்தவற்றுள் பல, மலைகளுக்கிடையே குறுகி வருபவை. வடமேற்குக் கரையிலுள்ள ஹம்போல்ட் பனியாறோ அப்படியன்று. கேன் கடற்பரப்பை அது சந்திக்கும் முகப்பின் அகலம் 90 கிலோமீட்டருக்கும் அதிகம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடக்கவல்லவருக்கும் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர மூன்று நாட்களுக்கு மேலாகும். வட அரைக்கோளத்தில் கடலைத் தொடும் பனியாறுகளுள் இத்துணை அகன்றது வேறில்லை.

இப்பெயரை இட்டவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் எலைஷா கெண்ட் கேன். காணாமற்போன பிராங்க்ளின் குழுவினரைத் தேடி 1853-இல் புறப்பட்ட அவரது கப்பல், பனியில் சிக்கி மீளவேயில்லை. இரண்டு மாரிக்காலங்களை அங்கேயே கழித்து, 1855-இல் கப்பலைத் துறந்து, சறுக்குவண்டியிலும் படகிலுமாகத் தப்பினர். எட்டா என்னும் குடியிருப்பைச் சேர்ந்த இனுவிட் மக்கள் அளித்த இறைச்சி இல்லையேல் அவர்கள் பிழைத்திருப்பது அரிது.

கேன் தாம் கண்ட பனிமதிலுக்கு ஜெர்மானிய அறிஞர் அலெக்ஸாந்தர் ஃபான் ஹம்போல்ட்டின் பெயரைச் சூட்டினார். ஹம்போல்ட் அப்போது பெர்லினில் வாழ்ந்திருந்தார். பனியாற்றை அவர் கண்டதேயில்லை. நம் இமயத்தையும் அவர் கண்டதில்லை. காண விழைந்தும் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அனுமதி கிட்டவில்லை!

கிரீன்லாந்து மொழியில் இதன் பெயர் 'செர்மெர்சுவாக்'. மாபெரும் பனியாறு என்பது பொருள். காணாதவரைப் போற்றும் பெயரினும், கண்முன் நிற்பதைச் சொல்லும் இப்பெயரே பொருத்தமென எமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அப்பெருமை ஒருபுறம் குறைந்து வருகிறது. தென்பகுதியில் பனி மெதுவாக நகர்கிறது. அங்கு முகப்பு பின்வாங்கியதும் சிறிதே. வடபகுதியிலோ பனிக்கு அடியில், கடல்மட்டத்துக்கும் கீழான ஆழ்ந்த பள்ளம் ஒன்று உள்நாட்டை நோக்கி நெடுந்தூரம் செல்கிறது. அங்கே பனி விரைந்து நகர்ந்து, முனையில் உடைந்து கடலில் விழுகிறது. 1990-களின் இறுதியிலிருந்து முகப்பு வேகமாகப் பின்வாங்கி வருவதும் அப்பக்கத்திலேதான்.