நான் என்றால் எந்த நான்?

டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் என்று பள்ளியில் ஒரு பாடம் நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? மேற்கோள்குறியை எடு, 'தட்' போடு, 'இஸ்' இருந்தால் 'வாஸ்' ஆக்கு, 'வில்' இருந்தால் 'வுட்' ஆக்கு, 'டுமாரோ' இருந்தால் 'த நெக்ஸ்ட் டே' ஆக்கு. அட்டவணையை மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியாச்சு. ஏன் மாற்றுகிறோம் என்று நாமும் கேட்கலை, யாரும் சொல்லவும் இல்லை.

தமிழில் இந்த வேலையை ஒரே சொல் பார்த்துக்கொள்கிறது: 'என்று'. பேச்சில் அது 'ன்னு'. ஒருவர் சொன்னதை அப்படியே வைத்து, பின்னால் ஒரு 'ன்னு' ஒட்டினால் போதும். "நாளைக்கு வரேன்னு சொன்னான்." அந்த 'வரேன்', 'நாளைக்கு' இரண்டும் அவன் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. தொல்காப்பியம் எச்சங்களைப் பத்தாக எண்ணும்போது 'எனவென் எச்சம்' என்று இதற்குத் தனி இடமே தந்திருக்கிறது. 'தான் வருவதாகச் சொன்னான்' என்ற அயற்கூற்று வடிவமும் நம்மிடம் உண்டுதான். ஆனால் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

சிக்கல் எங்கே என்றால், நாம் 'தட்' என்பதை 'ன்னு'வாக எடுத்துக்கொள்கிறோம். அது 'ன்னு' இல்லை. 'தட்'டுக்குப் பின்னால் வருகிற 'ஐ', 'யூ', 'ஹியர்', 'டுமாரோ' எல்லாமே இப்போது பேசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்துச் சொல்வது. "ஹி செட் தட் ஐ ஆம் கமிங்" என்றால் வரப்போவது அவன் இல்லை, நான்.

இது வெறும் பரீட்சைப் பிழை என்று நினைக்க வேண்டாம். விசாரணை நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தமிழில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நான் அங்க போகவே இல்லைன்னு முருகன் சொன்னான்." போகாதது யார்? முருகனா, சாட்சியா? 'போனேன்', 'போனான்' என்றால் வினைமுற்றில் விகுதியாவது இருக்கும். 'இல்லை'யில் அதுவும் கிடையாது. நேரில் கேட்டவருக்குக் குரலும் முன்பேச்சும் துணைக்கு வரும். வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றம் போகும்போது அங்கே ஆங்கிலம். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு அப்படி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பவர் 'ஹி' அல்லது 'ஐ', இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகணும். தமிழில் 'நான்' என்று இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு 'ஐ' போட்டால், முருகன் தனக்காகச் சொன்னது சாட்சிக்காகச் சொன்னதாக மாறிவிடும். ஒரே எழுத்துதான்.

காலமும் இப்படித்தான். 'செட்' வந்தால் பின்னால் கட்டாயம் இறந்தகாலம் என்று அட்டவணை சொல்லும். "ஷி செட் ஷி வாஸ் சிக்" என்றால் அவள் சொன்ன நேரத்தில் உடம்பு சரியில்லை. இப்போது எப்படி என்று தெரியாது. "ஷி செட் ஷி இஸ் சிக்" என்பதும் சரியான ஆங்கிலமே. அதில் இன்னமும் சரியாகவில்லை என்பது சேர்ந்து வருகிறது. "உடம்பு சரியில்லைன்னு சொன்னா" என்ற நம் வாக்கியத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

'டுமாரோ' கதை இன்னும் வேடிக்கை. திங்கட்கிழமை காலையில் ஒருவர் "நாளைக்கு வரேன்" என்கிறார். அன்று சாயங்காலமே நீங்கள் அதை ஆங்கிலத்தில் சொன்னால் 'டுமாரோ' அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை சொன்னால் 'டுடே'. வெள்ளிக்கிழமை சொன்னால்தான் 'த நெக்ஸ்ட் டே'. அட்டவணைக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமை மட்டும். 'ஹியர்' என்பதைத் 'தேர்' ஆக்குவதும் அப்படியே. சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டு சொன்னால் எதற்கு மாற்றணும்?

கேள்வி வாக்கியத்தில் மட்டும் சங்கதி வேறு. "ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்" என்று நம்மில் பலர் எழுதுகிறோம். இலக்கணப் புத்தகம் கேட்பது "வேர் ஐ வாஸ் கோயிங்". தமிழில் கேள்வி கேட்கும்போது சொற்கள் இடம் மாறுவதே இல்லை, அதனால் திருப்பி வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதும் இல்லை. ஒரு ஆறுதல்: அயர்லாந்துக்காரர்களின் பேச்சு ஆங்கிலத்தில் இந்தத் திரும்பாத வடிவம் ரொம்ப சகஜம். பரீட்சைத் தாளில் மட்டும் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.