புத்தளம் அளத்தில் நீந்தும் அதிசயம் தெரியுமா?

குமரி மாவட்டத்தின் புத்தளம், சுவாமித்தோப்பு பக்கம் போகிறவர்கள் அளத்தில் குவித்த உப்பைத்தான் பார்ப்பார்கள். பாத்திக்குப் பாயும் உவர்நீரில் ஓர் உயிர் மல்லாந்தபடி நீந்துமே, தெரியுமா? அதுதான் ஆர்ட்டீமியா! இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டர்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. உப்பு விளையும் பக்குவத்தில் அது 250 கிராமைத் தாண்டிவிடும். மீன் ஒன்றுகூடப் பிழைக்காத அந்த நீரிலும் ஆர்ட்டீமியா தாக்குப்பிடிக்கும். அதன் ரத்தமோ கடல்நீர் அளவுக்குக்கூடக் கரிப்பதில்லை!

எப்படி? சுற்றிலும் கடும் உப்பு, அதனால் உடலின் தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்ட அந்த உவர்நீரையே குடிக்கிறது! குடலில் தண்ணீரோடு உப்பும் உள்ளே ஏறிவிடும். அதை வெளியே தள்ளுவது எது தெரியுமா? கால்கள்! 11 ஜோடி நீந்துகால்களில் முதல் 10 ஜோடியிலுள்ள செவுள்கள்தான் உப்பை இறைக்கின்றன. 1958-இல் குரோகன் என்ற ஆய்வாளர் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் அந்தச் செவுள்களைச் சிதைத்துப் பார்த்தார். உப்பைக் கட்டுப்படுத்தும் திறனே போய்விட்டது.

பொரித்தவுடன் குஞ்சுக்கு அந்தக் கால்கள் கிடையாதே? அதற்குத்தான் பிடரியில் தனி உப்புச் சுரப்பி!

இன்னொன்று கேளுங்கள். நம் செல்களின் சோடியம் பம்ப் ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். உப்பு ஏற ஏற, ஆர்ட்டீமியா வேறொரு பம்பைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. அதன் கணக்கு 2 சோடியம், 1 பொட்டாசியம்! ஒரு சுற்றுக்குச் சுமை குறைவு. ஆகவே அதே சக்தியில் இன்னும் கடும் உப்பை எதிர்த்துத் தள்ள முடிகிறது. இந்தக் கண்டுபிடிப்பு 2023-இல்தான் வெளியானது.

அளத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்களைப் பாருங்கள். நன்னீரில் வாழும் தண்ணீர்ப்பூச்சிகளுக்குக் கதை தலைகீழ். தண்ணீர் தானாக உள்ளே புகும். உடலின் உப்பு வெளியே கசிந்து போகும். அவை தண்ணீரை வெளியேற்றி, குளத்திலிருந்து துளித்துளியாய் உப்பைச் சேர்க்கின்றன.

தமிழ்நாட்டு அளங்களின் நாட்டு ஆர்ட்டீமியா ஆணின்றியே இனம் பெருக்கும். அளம் வறண்டாலும் கவலையில்லை. அதன் காய்ந்த முட்டைகள் வருடக்கணக்கில் கிடக்கும். மழை பெய்து உப்பு இறங்கியதும் முட்டை தண்ணீரை உறிஞ்சும். உள்ளிருக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை கிளிசராலாக மாறும். கிளிசரால் இன்னும் தண்ணீரை இழுக்கும். அந்த அழுத்தத்திலேயே ஓடு வெடித்துவிடும்!