கத்திரி வெயிலில் 57 செ.மீ. மழை! கடலூரின் பழைய கணக்கு

"என்ன சார் இது, ஊத்து ஊத்துன்னு ஊத்துது! எங்க தாத்தா காலத்துலகூட இப்படி ஒரு மழை கிடையாது!"

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூர் பஸ் நிலையத்தில் இந்தப் பேச்சு அடிபடும். குடிகாட்டுப் பக்கம் உப்பனாறு பொங்கினாலும் இதே பேச்சுத்தான்.

தாத்தா காலத்தில் இதைவிடப் பெரிய மழை பெய்திருக்கிறது. வானிலைக் கணக்கில் ஆதாரம் இருக்கிறது.

1943-ம் ஆண்டு மே 18-ந்தேதி. கடலூரில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 57 சென்டி மீட்டர்!

அடேயப்பா! ஒரு கிரவுண்டு மனையில் விழுந்த தண்ணீர் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரி பத்து வந்தாலும் போதாது. அதுவும் எப்போது? மண்டை பிளக்கும் கத்திரி வெயில் காலத்தில்!

தினமும் காலை 8.30

மழையை அளப்பது மந்திர வித்தை அல்ல. திறந்த வெளியில் ஒரு மழைமானி. மேலே புனல், உள்ளே பாத்திரம். சேர்ந்த தண்ணீரைக் காலை 8.30 மணிக்கு அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று லீவு போட முடியாது. சொட்டு மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் போட்டாக வேண்டும். மாலை மரியாதை எதுவும் கிடைக்காத வேலை!

தமிழ்நாட்டில் இதற்கு மூத்த இடம் சென்னை நுங்கம்பாக்கம். கிழக்கிந்திய கம்பெனி 1792-ல் அங்கே வான் ஆய்வுக் கூடம் கட்டியது. 1796 முதல் வானிலைக் குறிப்பும் எழுதினார்கள். நட்சத்திரம் பார்க்கும் வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழைக் கணக்கு நுங்கம்பாக்கத்தை விட்டு நகரவில்லை.

பாலத்துக்கு எத்தனை கண்?

பழங்கணக்கு இப்போது எதற்கு? வாய்க்காலுக்குப் பாலம் கட்டும்போது எத்தனை கண் விடுவது, கரையை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டுமே! கையில் பத்து வருஷக் கணக்கு மட்டும் இருந்தால், "மே மாசத்துல வெள்ளமா?" என்று இன்ஜினீயர் சிரித்துவிடுவார். 1943-ஐப் பார்த்தவர் சிரிக்க மாட்டார். இரண்டு கண் கூடவே விடுவார். பாலமும் பிழைக்கும், கரையோரக் குடிசையும் பிழைக்கும்.

கடலூருக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1972 டிசம்பர் புயல் இந்தப் பக்கம்தான் கரை ஏறியது. 2011 டிசம்பர் 30-ந்தேதி "தானே" புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் ஊரே வெள்ளக்காடு.

அடுத்த தடவை பஸ் நிலையத்தில் யாராவது "தாத்தா காலத்துலகூட..." என்று ஆரம்பித்தால், "1943 மே 18" என்று சொல்லிப் பாருங்கள்!